அம்மாவின் பிடிக்கு எத்தனை தோலா

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் வலது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுல படிச்சவங்க யாரு?" என்று கேட்டார். அப்பா உடனே என்னைக் காட்டினார். அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சிப் பள்ளியில் தேறி, ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்டு ஸ்கூலில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். டாக்டரின் கேள்விக்குப் பதிலாக நான் நிற்பதில் எனக்கு நல்ல பெருமை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பெருமையெல்லாம் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்கும்வரைதான்.

"நீரிழிவு. சுண்டு விரல்ல இருக்கற புண்ணு அதனாலதான் ஆறல. சர்க்கரை இறங்குச்சுன்னா விரலோட போயிடும். இறங்கலேன்னா கணுக்காலுக்கு மேலே எடுக்கறமாதிரி ஆயிடும். ஒரு மாசம் பார்க்கலாம். நர்ஸ் சொல்லற சாப்பாடு, சொல்லற அளவு. அதுக்கு மேல ஒரு சிட்டிகை போகக் கூடாது. நீதாம்மா பொறுப்பு."

அப்பா விவசாயி. கிணற்று மேட்டில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்து நிலக்கடலையும் பருத்தியும் ராகியும் விளைவிப்பவர். மாட்டோடு முன்னும் பின்னும் நடக்க இரண்டு காலும் வேண்டும். டாக்டர் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் தம் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா என்னை வார்டுக்குப் பின்னால் இருந்த சமையற்கட்டுக்கு அழைத்துப் போனாள். அரிசிச் சோறு கூடாது, களி கூடாது, கம்பு கூடாது. களியில் தண்ணீர் எவ்வளவு மாவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். கோதுமையைத் தவிட்டோடு அரைத்து, மோரும் உப்பும் துளி ஆப்ப சோடாவும் சேர்த்து, கனமான ரொட்டியாகச் சுட வேண்டும். காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. கூடவே கீரை, வெள்ளரிக்காய், மோர். ஒரு ரொட்டிக்கு மாவு மூன்று அவுன்ஸ்.

"எங்க வீட்டுல தராசு இல்லைங்க" என்றேன்.

"கப் இருக்கா? இந்தக் கப்புல தலை தட்டி எடுத்தா நாலு அவுன்ஸ் மாவு. அப்போ உனக்கு முக்கால் கப்."

எங்கள் வீட்டில் கப்பும் இல்லை. ஆனால் கணக்கு எனக்குத் தெரியும். விடுதியில் சமையற்கலை வகுப்பில் கேக் செய்யக் கற்றுக்கொடுத்தபோது, அளவுகளெல்லாம் கப்பில்தான் இருக்கும். அதை அவுன்ஸாக மாற்றி எழுதச் சொல்வார்கள். ஒரே கப்தான், மாவை நிரப்பினால் நாலு அவுன்ஸ், சர்க்கரையை நிரப்பினால் அது ஏழு எட்டாகிவிடும். டவுன் பெண்கள் இதில் தடுமாறுவார்கள். நான் தடுமாறியதில்லை. பருத்தி ஒரு மூட்டையும் கடலை ஒரு மூட்டையும் வண்டியில் ஏற்றிப் பார்த்த வீட்டில் பிறந்தவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

நர்ஸம்மாவின் கப்பில் தண்ணீர் பிடித்து, அப்பாவுக்குக் கொடுத்த மருந்து பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன். பாட்டிலின் பக்கவாட்டில் அவுன்ஸ் கோடு போட்டிருக்கும். கப்புக்கு எட்டுக் கோடு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அதே பாட்டிலால் எங்கள் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் விட்டேன். ஆறு கோட்டில் விளிம்பைத் தொட்டு நின்றது. எட்டில் ஆறு முக்கால். ஆக, எங்கள் ஆழாக்கு தலை தட்டி ஒன்று என்றால் மூன்று அவுன்ஸ் மாவு. இப்படிப் பொருந்தும் என்று நான் நினைக்கவே இல்லை. வாசலில் நின்று சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"என்ன கண்ணு, ஆழாக்கப் பாத்துச் சிரிக்கறே?" என்றார் அப்பா, கட்டிலில் காலை நீட்டியபடி.

"உங்க ரொட்டிக்கு அளவு கெடச்சிருச்சுங்கப்பா. ஆழாக்கு மாவு ஒரு ரொட்டி."

"ஆழாக்கா? கன்னுக்குட்டிக்குக் கூட அதுக்கு மேல வெப்பனே சாமி" என்றார் அவர்.

அப்போது யுத்தக் காலம். ரேஷனில் அரிசிக்குப் பதிலாகப் பாதிக்கு மேல் கோதுமை போட்டார்கள். எங்கள் ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. பலர் மாட்டுக்கு ஊறவைத்தார்கள். எங்களுக்கு மட்டும் அது உதவியது. அம்மா திருகையில் அரைப்பாள். அகன்ற மண்சட்டியில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டில் பிசைந்த மாவை வைத்து, ஓட்டால் மூடி, ஓட்டின் மேலும் தணல் போடுவாள். முதல் இரண்டு ரொட்டி கருகிப் போனது. மூன்றாவது நன்றாகவே வெந்தது. நான் விடியற்காலையில் பள்ளிக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். நான் போன பிறகு அம்மா இரண்டு வேளைக்கும் சேர்த்து இரண்டு ரொட்டி சுட்டு வைத்துவிடுவாள்.

சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். நீல மருந்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் பரவாயில்லை. மஞ்சள் கெட்டது. செங்கல் நிறம் மிகக் கெட்டது. அப்பா வெட்கப்பட்டுக் குழாயைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து சின்ன விளக்கில் காய்ச்சுவேன்.

"டீச்சர் வேலைக்குப் படிச்சதுன்னு பாத்தா, இந்த வேலைக்கா படிச்சே?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள்.

முதல் வாரம் செங்கல் நிறம். பழைய சர்க்கரை இறங்க நாளாகும் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த வாரமும் செங்கல் நிறம். புண்ணைச் சுற்றித் தோல் கறுத்துக்கொண்டு வந்தது. துணி மாற்றும்போது வாடை அடித்தது. பள்ளியில் கரும்பலகையில் கூட்டல் போட்டுக்கொண்டே என் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். எட்டில் ஆறு முக்கால்தானே? நர்ஸம்மாவின் மாவு சலித்த மாவா? எங்கள் திருகை மாவு கொரகொரவென்று இருக்கிறதே, அதனால் எடை கூடுமா, குறையுமா? தண்ணீர் அவுன்ஸும் மாவு அவுன்ஸும் வேறு என்று எனக்குத் தெரியும்; அதை எங்காவது கலந்துவிட்டேனா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, "டீச்சர், ஏழும் ஆறும் பன்னண்டுன்னு எழுதிட்டீங்க" என்றபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கரும்பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அப்பாவோ இளைத்துக்கொண்டே போனார். பசிக்கிறது என்று வாய் விட்டுச் சொல்ல மாட்டார். ரொட்டியைத் தின்று முடித்ததும் தட்டில் சிந்திய தூளை விரலால் ஒற்றி ஒற்றி எடுப்பார். அம்மா அதைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அம்மா மாவுப் பானையின் முன் குந்தியிருந்தாள். ஆழாக்கைப் பானைக்குள் அமுக்கி எடுத்தாள். தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மாவு இறங்கியது. அதன்மேல் கையால் அள்ளி அள்ளி வைத்தாள். கோபுரம் மாதிரி நின்றது. இனி ஒரு துளி வைத்தாலும் சரிந்துவிடும் என்கிற அளவுக்கு வந்த பிறகு, அதை அப்படியே தூக்கிக் கிண்ணத்தில் கொட்டினாள்.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த கோழிகள் சிதறின.

"ஏன் இப்படிக் கத்தறே?"

"தலை தட்டிப் போடச் சொன்னேனில்ல?"

"தலை தட்டறதா? உங்கொப்பனுக்கா?" அம்மா என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இந்த ஊட்டுக்கு நான் வந்த நாள்ல இருந்து தலை தட்டி அளந்ததில்ல. பண்ணையத்து ஆளுக்குக் கூலி அளந்தாலும் கும்பமாத்தான் அளப்பேன். நோவுல கெடக்கற மனுசனுக்குக் குறைச்சு அளக்கச் சொல்றியே, வாய் கூசல?"

"குறையில்லீங்கம்மா அது. அதுதான் அளவு."

"ஆழாக்குன்னு சொன்னே. ஆழாக்குத்தான் போடறேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் ஆழாக்கு என்றால் கும்பம்தான். விளிம்போடு வழித்து எடுப்பது கடைக்காரன் வேலை. அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். கணக்குப் போட்ட நேரத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான் விடுதியின் கப்பை மனத்தில் வைத்துச் சொன்னேன். அவள் எங்கள் வீட்டு ஆழாக்கைக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு ரொட்டியிலும் பாதிக்குப் பாதி கூடுதல் மாவு. மாதத்தில் பாதி போய்விட்டது.

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். காலை எடுத்துவிடுவார்கள் என்றேன். "கால எடுத்தாலும் ஆளு இருப்பாரு. பட்டினி போட்டா ஆளே இருக்க மாட்டாரு. எலும்பு எண்ணற மாதிரி ஆயிட்டாரு, உன்ற கண்ணுக்குத் தெரியலையா?" என்று அழுதாள். அவள் மட்டுமா, அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அத்தை, அப்பாவின் தங்கை, முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "ஏனாயா, படிச்சது பெத்தவனப் பட்டினி போடறதுக்கா?"

படியும் ஆழாக்கும் இருக்கிற வரைக்கும் அம்மாவை வெல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. கும்பத்துக்கு இடமில்லாத அளவு ஒன்று வேண்டும். அது எடைதான். தட்டு இரண்டும் சமமாக நின்றால் நின்றதுதான். தலையும் இல்லை, தட்டுவதும் இல்லை.

அன்றே ஒரு மூங்கில் குச்சியும் இரண்டு தேங்காய் ஓடும் எடுத்துத் தராசு கட்டினேன். ஓடுகளை இடம் மாற்றித் தொங்கவிட்டும் குச்சி சமமாக நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. ஆனால் எடைக்கல்? மூன்று அவுன்ஸை எங்கே தேடுவது? வெள்ளி ரூபாய் ஒன்று சரியாக ஒரு தோலா. அவுன்ஸைத் தோலாவாக மாற்றினால் மூன்று அவுன்ஸுக்கு ஏழேகால் தோலாவும் ஒரு துளி கூடுதலும். அதாவது ஏழு ரூபாயும் ஒரு கால் ரூபாயும்.

அந்த நாளில் வெள்ளி ரூபாய் கண்ணில் படுவதே அரிது. எல்லோரும் புதைத்து வைத்திருந்தார்கள். அம்மாவும் வைத்திருந்தாள். எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது முறைத்தாள். "லச்சுமிய மாவுக்கு எதிர வெச்சு எடை போடறதா?" என்றாள். அப்பாதான் கட்டிலிலிருந்து, "குடுத்துத் தொலையேம் புள்ளே, திருப்பிக் குடுத்துருவா" என்றார். விளக்கு வைப்பதற்குள் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சின்மேல் தந்தாள். தேய்ந்த ரூபாய்களை ஒதுக்கி, எழுத்துப் பளிச்சென்று இருந்தவற்றை எடுத்து ஓட்டில் வைத்தேன். மறு ஓட்டில் உடைந்த மாக்கல் சட்டியின் துண்டு ஒன்றை வைத்து, துணி துவைக்கும் கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினேன். மாக்கல் மிருதுவான கல். தேய்த்த கையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. கடைசியில் குச்சி அசையாமல் நின்றபோது அப்பாவிடம் காட்டினேன். அவர் கல்லை வாங்கி உள்ளங்கையில் போட்டு, எலுமிச்சம்பழத்தை உருட்டுவது போல உருட்டினார். நாள் முழுதும் படுத்தே கிடப்பவருக்கு அது ஒரு விளையாட்டுப் பொருளாகிவிட்டது. மாவு எடை போடாத நேரமெல்லாம் அவர் கையில்தான் இருக்கும்.

"இதுதான் என்ற சோறா?" என்றார்.

"இதுக்குச் சமமா மாவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் பள்ளிக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு, வீட்டிலேயே இருந்து பார்த்தேன். அம்மா ஒரு ஓட்டில் கல்லை வைத்தாள். மறு ஓட்டில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். குச்சி சமமாக நின்றது. எனக்கு மூச்சு வந்தது. உடனே அவள் பானைக்குள் கையை விட்டு, ஒரு பிடி மாவை அள்ளி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, அந்த ஓட்டிலேயே போட்டாள். ஓடு தொப்பென்று தரையில் இறங்கியது.

"இது எதுக்குங்கம்மா?"

"குடுக்கற தட்டு தாழோணும். சமமா நிறுத்திக் குடுக்கறது கஞ்சப்பய வேலை."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். சண்டை போடவில்லை. இனிமேல் சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது? அவள் கை சும்மா இருக்காது. ஆழாக்கைக் கொடுத்தால் கும்பமாக்கும். தராசைக் கொடுத்தால் தாழ்த்தும். எண்ணிக் கொடுத்தால் ஒன்று கூட வைக்கும். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அப்படிக் கொடுத்தே பழகிய கை அது. கட்டிய கணவனிடம் மட்டும் சுருக்கச் சொன்னால் சுருங்குமா? நானே அளக்கலாம் என்றால், அப்பாவின் சாப்பாட்டை இன்னொருவர் தொட அவள் விடமாட்டாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முந்தின நாள் காய்ச்சிய மருந்தோ மஞ்சளும் சிவப்புமாகக் கலங்கி நின்றது.

துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. அம்மாவின் ஆழாக்குக் கும்பம் நாளுக்கு நாள் மாறும். மாவு சரிகிற வரைக்கும் என்பதுதான் அதன் அளவு. பிடி அப்படி இல்லை. பிடி என்பது அவள் கை. அந்தக் கை நாளுக்கு நாள் வளரப் போவதில்லை. அப்படியானால் அதற்கும் ஓர் எடை இருக்கும்.

"அம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் பசை காய்ச்சோணும். ஒரு பிடி மாவு குடுங்க" என்று கேட்டேன். சாயந்தரம் இன்னொரு பிடி. மறுநாள் மீண்டும் ஒரு பிடி. அம்மா சலிக்காமல் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிந்து வைத்து, மறுபடியும் கெஞ்சி ரூபாய்களை வாங்கி நிறுத்துப் பார்த்தேன். முதல் பிடி இரண்டு ரூபாய் எடை. அடுத்தது இரண்டுக்கு ஒரு நூல் குறைவு. மூன்றாவது திரும்பவும் இரண்டு. என் அம்மாவின் பிடி இரண்டு தோலா. நர்ஸம்மாவின் கப்பில் இருந்து அவுன்ஸுக்கும், அவுன்ஸில் இருந்து ஆழாக்குக்கும், பிறகு தோலாவுக்கும் மாற்றிய கணக்கில் விட்டுப்போனது இதுதான். ஏழேகாலில் இரண்டு போனால் ஐந்தேகால்.

கல்லைத் தேய்த்துச் சின்னதாக்கினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். என் ஜியோமெட்ரிப் பெட்டியில் இருந்த காம்பஸின் முனையால் கல்லின் அடியில் துளை போட்டுக் குடைந்தேன். ஐந்தேகால் தோலாவுக்கு இறங்கும்வரை குடைந்தேன். குழிக்குள் எடையே இல்லாத நெட்டித் தக்கைத் துண்டை அடைத்து, குடைந்த தூளையே சோற்றுப் பசையில் குழைத்து மேலே பூசி, நிழலில் காய வைத்தேன். பார்வைக்கு அதே கல்தான்.

அதைக் கையில் எடுத்தபோது பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் களத்துக்குப் பருத்தி வாங்க வந்த தரகன் ஒருவன், குடைந்த இரும்புக் கல்லில் ஈயம் வைத்து எடை போட்டதைக் கண்டுபிடித்து, அப்பா அவனை வண்டியோடு விரட்டியிருக்கிறார். கள்ளக்கல் வைத்தவன் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வார். அவருடைய மகள், டீச்சர், அதே வேலையை அவருடைய சாப்பாட்டுக்கே செய்து வைத்திருந்தாள். அம்மா தினமும் கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டு அந்தக் கல்லுக்கு எதிரே மாவு போடப் போகிறாள். வேறு வழியிருந்தால் யாராவது சொல்லட்டும், கேட்கிறேன்.

நாலைந்து நாளில் நீல மருந்து செங்கல்லில் இருந்து மஞ்சளுக்கு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாறிவிடுமோ என்று பயம். பிறகு ஒருநாள் மஞ்சளில் பச்சை தெரிந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நிழலில் பிடித்துப் பார்த்தேன். பச்சைதான்.

அன்று மாலை அப்பாவுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் மாட்டுக்குத் தவிடு காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போலக் கல்லை உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, இந்தக் கல்லும் என்னயாட்டவே உள்ளுக்குள்ள இளைச்சுப் போச்சே" என்றார், மெல்லிய குரலில்.

நான் கட்டுத்துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தன?"

"ரெண்டு தோலாங்க."

வாசலில் அம்மா மாட்டோடு பேசுவது கேட்டது. "தின்னு, நல்லாத் தின்னு, இன்னுங் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பக்கம் தலையைத் திருப்பிச் சிறிது நேரம் கேட்டார். அவருடைய வயிறு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான், அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"அவ பிடியா?"

"ஆமாங்க."

"நெறஞ்ச கையி" என்றார். கல்லின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பூச்சு ஒரு ஓரத்துல உரியுது. நல்லா அப்பி வெய்யி."

அவ்வளவுதான். அந்தத் தரகனைப் பற்றியும் பேசவில்லை.

டாக்டர் சொன்ன நாளில் மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாகச் சேலம் போனோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அப்பாவின் கால் என் மடியில் குலுங்கியது. பாதம் முழுசாக இருக்கும்போதே ஒருமுறை கையால் மூடிப் பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவர்களும் காய்ச்சிப் பார்த்தார்கள். பச்சை, அடியில் நீலம். டாக்டர் கறுத்த விரலை அழுத்திப் பார்த்தார். மேலே பாதத்தை அழுத்தினார். அவர் வாய் திறக்கும் முன் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதனால் அவர் சொன்னதை நர்ஸம்மாதான் எனக்கு மறுபடி சொன்னாள். சுண்டு விரல் மட்டும் போகும். பாதம் தப்பித்தது.

விரலை எடுத்துப் புண் ஆறி வீட்டுக்கு வந்தபோது அப்பா கம்பு ஊன்றித்தான் நடந்தார். பிறகு கம்பையும் விட்டுவிட்டார். கிணற்று மேட்டில் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். மாடுகளும் அதற்குப் பழகிக்கொண்டன.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா விருந்து வைத்தாள். அத்தையும் வந்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பேச ஆரம்பித்தாள்.

"இவ தராசு கட்டி, கல்லு தேச்சு, நூலு புடிச்சாப்பல நிறுத்திக் குடுக்கோணும்னு நின்னா. நான் உட்டனா? தெனமும் சாமிய நெனச்சு ஒரு பிடி கூடப் போட்டேன். அந்தப் பிடிதான் அவர எந்திரிச்சு நடக்க வெச்சுது."

"அப்படிச் சொல்லு!" என்றாள் அத்தை. "படிச்ச புள்ள கணக்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எங்கண்ணன இந்நேரம் எடுத்திருப்பாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டுக்க சாமி, கை வெச்சுக் குடுக்கறவ கையத்தான் கும்புடோணும்" என்றாள்.

கப்பில் இருந்து காம்பஸ் வரைக்கும் எல்லாக் கணக்கும் நாக்கு நுனியில் நின்றது. அவர்கள் அத்தனை பேருக்கும் கரும்பலகை வைத்துப் போட்டுக் காட்டியிருப்பேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா மாவு நிறுத்ததைக் கதவோரத்தில் நின்று பார்த்தேன். குச்சி சமமாக நின்றது. பானைக்குள் போன கை உடனே திரும்பவில்லை. உள்ளேயே கொஞ்ச நேரம் விரல்களை விரித்து, அள்ளி, அமுக்கி, பிறகுதான் வெளியே வந்தது. விரல் இடுக்குகளில் எல்லாம் மாவு பிதுங்கியது. ஊரே பாராட்டிய கை அல்லவா? போட்ட வேகத்தில் ஓடு தரையில் இடித்தது.

இரண்டு தோலா இல்லை அது. மூன்றுக்குக் குறையாது.

கட்டிலில் இருந்து அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார்.

"புள்ளே, நிறுத்து முடிச்சுட்டயில்ல? அந்தக் கல்ல இங்க குடு, சும்மா கையில வெச்சிருக்கறேன்" என்றார்.

அம்மா கல்லைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் திரும்பியதும் அப்பா அதைப் போர்வைக்கு அடியில் என் பக்கமாக நகர்த்தினார். நான் அதை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு, என் ஜியோமெட்ரிப் பெட்டியைத் தேடப் போனேன்.